சும்மா நிற்பதற்கு எத்தனை மார்க்?

போன மாதம் பிரபா போன் செய்தாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்த அதே கம்பெனியில், எனக்கு அப்புறம் அதே வேலைக்கு வந்திருக்கும் பெண்.

"மேடம், எல்லா ட்ரெய்னிக்கும் டேப்லெட் குடுத்துட்டாங்க. அதுல ஒரு பொம்மைப் பொண்ணு ஜப்பானீஸ் பேசுது, இவங்க திருப்பிச் சொல்றாங்க. இனிமே மொழிய ஏசி ரூம்ல தனியா படிக்கட்டும், வேலைய ஷாப்ல தனியா கத்துக்கட்டும்னு மேனேஜ்மென்ட் சொல்லுது. நீங்க ரெண்டையும் ஒண்ணாதானே நடத்துனீங்க? எது சரின்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்."

எது சரியாம்! நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டாள். அந்தக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் பேந்தப் பேந்த விழிக்க ஆரம்பித்தவள், ஓய்வு பெற்று மாலை போட்டு அனுப்பும்வரை விழித்துக்கொண்டேதான் இருந்தேன். இருந்தாலும் அவள் கேட்டுவிட்டாளே என்று கடம்பத்தூர் வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். எழுத எழுதக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். அதையே எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது கணக்கு. கல்யாணமான பிறகு வீட்டில் டியூஷன் எடுத்தேன். ஜப்பான் கம்பெனிகள் வரிசையாக வருகின்றன, மொழி தெரிந்தவர்களுக்கு ஏக கிராக்கி என்று யாரோ சொல்ல, ஞாயிற்றுக்கிழமை தோறும் சென்னைக்கு ரயிலேறிப் போய்ப் படித்தேன். பரீட்சைகள் எழுதினேன், தேறினேன். மொழிபெயர்ப்பாளர் வேலை என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். திருவள்ளூரில் கம்பெனி பஸ் ஏறி, பெரியபாளையம் வழியாகத் தூங்கி வழிந்துகொண்டு போய் இறங்கினால், மொழிபெயர்க்க ஆள் வேண்டாமாம், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். யாருக்கு? பிரஸ் ஷாப்பில் வேலை பழகும் பையன்களுக்கும் பெண்களுக்கும்.

பிரஸ் என்பது ஆளைவிட உயரமான இரும்பு மெஷின். ஒரு பக்கம் தகட்டை ஊட்டினால், மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அமுக்கில் கார் கதவுக்குள் வைக்கிற சின்னச் சின்ன பாகங்களாக வெட்டித் தள்ளும். நான் அதுவரை பார்த்த பெரிய மெஷின் எங்கள் தெரு மாவு மில்தான்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் மொரிதா என்ற ஜப்பானியர். குள்ளமான மனிதர். எங்கே போனாலும் காலைப் பார்ப்பார். ஒருவர் நிற்கிற நிலையைப் பார்த்தாலே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். முதல் நாள் நான் கொண்டுபோயிருந்த பாடப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். இது பேனா, அது மேஜை, இவர் தனகா என்று தொடங்கும் புத்தகம்.

"பேனா எங்கே இருக்கிறது?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டார். அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழில்தான் தருகிறேன்.

"என் கையில் இருக்கிறது" என்றேன். எத்தனை முறை மனப்பாடம் செய்த வாக்கியம் அது!

"பிரஸ்ஸில் எங்கே இருக்கிறது?"

நான் திருதிருவென்று விழித்தேன். அவர் புத்தகத்தை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு ஹெல்மெட்டையும் இரும்பு மூக்கு வைத்த ஷூவையும் என்னிடம் நீட்டினார். புடவைக்குக் கீழே அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்துக் கேன்டீனில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது, அழுகையும் வந்தது.

அவருடைய முறை இதுதான். மொழியை வகுப்பில் நடத்தக் கூடாது. ஓடாத ஒரு பிரஸ்ஸின் முன்னால் எல்லாரையும் நிறுத்த வேண்டும். பொத்தானைத் தொட்டுக்கொண்டே பொத்தான் என்று சொல்ல வேண்டும். அழுத்திக்கொண்டே அழுத்துகிறேன் என்று சொல்ல வேண்டும். செய்யாமல் சொல்லக் கூடாது, சொல்லாமல் செய்யக் கூடாது. ஒருவன் வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னால் மொரிதா கண்டுகொள்ள மாட்டார். அழகாகச் சொல்லிக்கொண்டே கையைத் தப்பான இடத்தில் வைத்தால் மட்டும் போச்சு, முதலிலிருந்து எல்லாரும் செய்ய வேண்டும். எனக்கு மண்டை காயும். நான் மொழி டீச்சரா, மெஷின் டீச்சரா? மெஷின் டீச்சர் என்றால் எனக்கு மெஷின் தெரியாதே! மொழி டீச்சர் என்றால் தப்பைத் திருத்த விடமாட்டேன் என்கிறாரே!

ஒருநாள் பாடத்தின் முடிவில் வழக்கமான வாத்தியார் பழக்கத்தில், "புரிஞ்சுதா?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் "ஹை!" என்றார்கள். ஆமாம் என்று அர்த்தம். நம் ஊரில் டீச்சர் கேட்டால் ஆமாம் என்று சொல்வதுதானே மரியாதை? மொரிதா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவர்கள் புரிந்துகொண்டதை நீங்கள் பார்த்தீர்களா?"

"புரிந்தது என்றார்களே."

"பார்த்தீர்களா என்றுதான் கேட்டேன்."

அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தடை. வாய் தவறிக் கேட்டுவிட்டால் அவர் புருவத்தைத் தூக்குவார், நான் நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

நாங்கள் நடத்திய பாடங்களில் முக்கியமானது மூன்றே வார்த்தை. தகடு வெட்டும்போது சிலநேரம் துண்டு அச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். அப்படி ஏதாவது கோளாறு வந்தால் என்ன செய்ய வேண்டும்? நிறுத்து, கூப்பிடு, காத்திரு. தொமெரு, யொபு, மட்ஸு. உள்ளங்கையால் சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்த வேண்டும். வலக்கையைத் தூக்கி, கோளாறு என்று ஜப்பானிய மொழியில் கத்திக் கூப்பிட வேண்டும். பிறகு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, "மட்ஸு" என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். பழுது பார்க்கிறவர் வரும்வரை நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கையைப் பின்னால் கட்டாமல் யாரும் எங்கேயும் சொல்லக் கூடாது என்று மொரிதா ஒரு விதி வைத்தார். பசங்கள் விடுவார்களா? கேன்டீனில் எவனாவது திடீரென்று "மட்ஸு!" என்று கத்துவான். பழக்க தோஷத்தில் எல்லார் கையும் பின்னால் போகும். தட்டு கவிழும், சாம்பார் சட்டையில் ஊற்றும், ஒரே கூத்து. கேன்டீன்காரர் என்னிடம் வந்து, "இன்னா மிஸ் பாடம் நடத்துறீங்க, ரெண்டு தட்டு ஒடஞ்சி பூட்ச்சு" என்று சண்டை போட்டார்.

சொல்வதற்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு வரவே வராத வார்த்தை அதுதான். நிறுத்துவார்கள். கூப்பிடுவார்கள், ஷாப்பே அதிரும். காத்திருக்க மட்டும் முடியாது. நம் ஊரில் வேலை செய்யும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிடக் கேவலம் வேறு உண்டா? "சும்மா நிக்கிறான் பாரு" என்றால் அது திட்டு. மேலதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்டாலே பக்கத்தில் கிடக்கும் துணியை எடுத்து எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். துடைத்ததையே துடைப்பார்கள். ஒருநாள் மொரிதா அத்தனை பேரையும் கோட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது ஒருவன் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான், ஒருவன் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான், இரண்டு பெண்கள் ஏற்கெனவே பளபளத்த பிரஸ்ஸை இன்னும் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலிலேயே நின்று எல்லார் காலையும் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

அந்த பேட்சில்தான் ஸ்டெல்லா இருந்தாள். கும்மிடிப்பூண்டி பக்கத்து காலனி. அவளுடைய தாத்தா காலத்தில் குடும்பமே கழனி வேலைக்குப் போனதாம், அவளுடைய அப்பா அந்தோணி காலத்தில் எல்லாரும் கம்பெனிக்கு வந்துவிட்டார்கள். அப்பாவை நைனா என்றுதான் சொல்வாள். அந்தோணி வேறொரு தொழிற்சாலையில் கம்பி இழுக்கும் மெஷினில் இருந்தவர். மாட்டிக்கொண்டதை எடுக்கக் கையை விட்டு, வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அதற்கப்புறம் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் சம்பாதிக்கிறவள் ஸ்டெல்லா ஒருத்திதான். துருதுருவென்று இருப்பாள், வாய் ஓயாது, கையும் ஓயாது. பாடம் முடிந்தால் என் நாற்காலியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் போவாள்.

இவர்கள் எல்லாரும் கான்ட்ராக்ட். பயிற்சி முடியும்போது ஒரு தேர்வு வைத்து இரண்டு பேரை மட்டும் பர்மனென்ட் ஆக்கி, ஒரு வருஷம் ஜப்பானுக்கு அனுப்புவார்கள். மற்றவர்களுக்குக் கம்பெனி கேட்டோடு சரி, வேலை முடிந்தது. ஸ்டெல்லாவுக்கு அந்த இரண்டில் ஒரு இடம் கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் வீட்டில் அடுப்பு எரியுமா என்பதே சந்தேகம். இதை அவள் என்னிடம் சொல்லி அழவெல்லாம் இல்லை. "பூட்சின்னா வேற கம்பெனி பாத்துக்கலாம் மிஸ்" என்பாள். ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

தேர்வுக்கு மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். வேலைக்கு மொரிதா. உற்பத்திக்குத் தணிகாசலம் சார். மொழிக்கு நான். மூவரில் இருவர் சரி என்றால் போதும், ஆனால் அதில் ஒருவர் மொரிதாவாக இருக்க வேண்டும். தணிகாசலம் சார் எங்கள் ஷாப் மேனேஜர். சோழவரத்துக்காரர். ஹெல்பராக வந்து மேனேஜர் ஆனவர். நல்லவர்தான், ஆனால் லைன் நின்றால் அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

மொரிதா தேர்வை எப்படி வைத்தார் தெரியுமா? யாருக்கும் இதுதான் தேர்வு என்று சொல்லவில்லை. வழக்கமான வேலை நாள். ஒரு பிரஸ்ஸில் மட்டும், ஒவ்வொருவரும் அதில் நிற்கும் முறை வரும்போது, தகட்டுத் துண்டு மாட்டும்படி ஏற்பாடு செய்திருந்தார். அப்படி மாட்டியதுமே அச்சு தானாகப் பூட்டிக்கொள்ளும், கையே உள்ளே போனாலும் ஒன்றும் ஆகாது. அது நிற்கிறவர்களுக்குத் தெரியாது. இன்னொன்றும் செய்தார். யார் கூப்பிட்டாலும் யாரும் போகக் கூடாது என்று பழுது பார்க்கிறவர்களிடம் சொல்லிவைத்திருந்தார். நாங்கள் மூவரும் கண்ணாடி போட்ட அறைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் லோகேஷ் என்ற பையன். துண்டு மாட்டியது. கண் இமைக்கும் நேரத்தில் கையை விட்டுத் துண்டை உருவி எறிந்துவிட்டு, அப்புறம் சாவகாசமாகக் கையைத் தூக்கி, கோளாறு என்று அவ்வளவு சுத்தமான உச்சரிப்பில் கூப்பிட்டான்.

"அட்றா சக்கை!" என்றார் தணிகாசலம் சார். "இவன் ஆளு!"

மொரிதா தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். மொழிக்கு நான் முழு மார்க் போட்டேன். வேறு என்ன செய்ய?

பிறகு வந்தவர்கள் சிலர் துணியை எடுத்துத் துடைத்தார்கள், சிலர் ஓடிப்போய்ப் பழுது பார்க்கிறவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். வேணு என்ற ஒரு பையன் மட்டும் ஓரளவு நின்றான், கூப்பிட்டான், மறுபடி கூப்பிட்டான். அவனுக்கு மூவரும் சரி என்றோம். கடைசியில் ஸ்டெல்லா.

துண்டு மாட்டியது. உள்ளங்கையால் பொத்தானை அடித்தாள். கையைத் தூக்கி ஒருமுறை கூப்பிட்டாள், கணீரென்று. கோட்டுக்குப் பின்னால் வந்தாள், கையைப் பின்னால் கட்டினாள். நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. அவள் மறுபடி கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஷாப் இரைச்சலில், அதுவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னா பண்ணுது அது?" என்றார் தணிகாசலம் சார்.

"தெரியலையே சார்."

"ஜெபம் பண்ணுது மிஸ். நல்லா பாருங்க. மெஷின் ஓட்றதுக்கு ஜெபம் பண்ணிக்கினு நிக்குது!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போட்டால் மாதா கோயிலுக்குப் போக முடியவில்லை என்று முணுமுணுக்கிற பெண்தான். மொரிதா என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார். பிரார்த்தனை செய்கிறாள் போலிருக்கிறது என்றேன்.

தணிகாசலம் சாருக்குப் பொறுக்கவில்லை. வெளியே போய் அவளுக்குப் பின்னால் நின்று கத்தியது எங்களுக்கே கேட்டது. "இன்னாம்மா சும்மா நிக்கிற? கூப்ட்டா ஆளு வரலன்னா போய்க் கூட்டிக்கினு வரமாட்டியா? மரமா நீ?"

அவள் அசையவில்லை. பக்கத்தில் துணி கிடந்தது. அதைத் தொடவில்லை. என் நாற்காலியைக்கூடத் துடைக்கிற பெண்! சாப்பாட்டுச் சங்கு ஊதியது. மற்றவர்கள் எல்லாம் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். ஷாப்பில் மெஷின் சத்தம் அடங்கியது. அவள் மட்டும் நின்றாள். கூப்பிடு அம்மா, இன்னொரு தடவை கூப்பிடு என்று நான்தான் உள்ளே ஜெபம் செய்துகொண்டிருந்தேன்.

கடைசியில் மொரிதாவே போனார். நானும் பின்னால் ஓடினேன். அவர் முதலில் அவளுடைய காலைப் பார்த்தார். பிறகு, என்ன நடந்தது என்று ஜப்பானிய மொழியில் கேட்டார். துண்டு மாட்டிக்கொண்டது, மெஷினை நிறுத்திவிட்டேன், வந்து பாருங்கள் என்று அவள் சொல்ல வேண்டும். நூறு முறை சொல்லிப் பழகியது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

அவள் வியர்வையில் நனைந்திருந்தாள். "மட்ஸு" என்றாள். அவர் இன்னொரு முறை கேட்டார். "மட்ஸு."

தலை சுற்றியது எனக்கு. எல்லாப் பாடத்தையும் முழுங்கி ஏப்பம் விட்டாளே!

அறைக்குத் திரும்பியதும் சண்டை. மொரிதா சரி என்று கையெழுத்துப் போட்டார். தணிகாசலம் சார் தாளைத் தள்ளிவிட்டார். "நாளைக்கி லைன் நின்னா இது சாமி கும்ட்டுக்கினு நிக்கும். நான் கஸ்டமர்கிட்ட இன்னா சொல்லட்டும்? ஆமென்னு சொல்லட்டுமா? பேஜாரு புடிச்ச வேல!" இப்போது தாள் என் முன்னால் இருந்தது. லோகேஷுக்கு நானும் தணிகாசலம் சாரும் சரி என்றிருந்தாலும் மொரிதாவின் கையெழுத்து இல்லை. ஸ்டெல்லாவுக்கு அது விழுந்தாயிற்று. இரண்டாவது நான் போட்டால் அவள் ஜப்பானுக்குப் போவாள். போடாவிட்டால் கேட்டுக்கு வெளியே.

மொழி என்று பார்த்தால் என்ன இருக்கிறது? ஒருமுறை கூப்பிட்டாள். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒரே வார்த்தையை இரண்டு தடவை சொன்னாள். எந்தப் பரீட்சையிலும் அது தேறாது. மொரிதாவிடமே கேட்டுவிட்டேன். "நான் மொழிக்கு மார்க் போட வேண்டுமா, வேலைக்கா?"

கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்ல மாட்டார், இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். அன்றைக்கும் அப்படித்தான். அந்த பிரஸ்ஸின் முன்னால், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் என்னை நிறுத்தினார். "காத்திருங்கள்" என்றார். போய்விட்டார்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சாப்பிட்டுவிட்டு ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். "இன்னா மிஸ், பனிஷ்மென்ட்டா?" என்று ஒருவன் கேட்டான். கூச்சம் பிடுங்கித் தின்றது. உடம்பெல்லாம் அரிப்பதுபோல் இருந்தது. எதையாவது செய்தால் போதும், குனிந்து ஷூ கயிற்றையாவது கட்டலாமே என்று தோன்றியது. தூரத்தில் தணிகாசலம் சார் வருவது தெரிந்தது. அவர் பக்கத்தில் வருவதற்குள் என் கையில் அந்தத் துணி இருந்தது. எப்போது எடுத்தேன் என்றே தெரியாது. பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நேராக அறைக்குப் போய் ஸ்டெல்லாவின் தாளில் கையெழுத்துப் போட்டேன். மார்க் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் முழு மார்க் எழுதினேன். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் உளறியிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

தணிகாசலம் சார் மட்டும் என்னை விடவில்லை. நான் ஓய்வு பெறும்வரை, எந்த லைன் நின்றாலும் இன்டர்காமில் என்னைக் கூப்பிடுவார். "மிஸ், லைன் நின்னு போச்சு. ஜெபத்துக்கு ஆள் அனுப்புறீங்களா?" நான் சிரித்துச் சமாளிப்பேன். ஸ்டெல்லா ஜப்பான் போய் வந்தாள், லைன் லீடர் ஆனாள், இப்போது பயிற்சிப் பிரிவே அவளிடம்தான் இருக்கிறது. மொரிதா ஊருக்குப் போய்விட்டார். ஆனால் அன்றைக்கு உதடு அசைந்ததே, அது என்ன என்று அவளிடம் நான் கேட்கவே இல்லை. கேட்கப் பயம். ஆமாம் மிஸ், ஜெபம்தான் பண்ணேன், எல்லாம் மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டால்? தணிகாசலம் சார் சொன்னது சரி, நான் போட்ட மார்க் தப்பு என்றாகிவிடும். தினமும் எதிரில் பார்க்கிற பெண்ணிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? குழப்பத்தோடு இருப்பதே மேல் என்று இருந்துவிட்டேன்.

பிரபாவுக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஒன்றாக நடத்துவதுதான் சரி என்று எழுத வேண்டுமென்றால், அதற்கு நான் காட்டக்கூடிய ஒரே ஆள் ஸ்டெல்லா. அவளே ஜெபம்தான் செய்தாள் என்றால் நான் எதைக் காட்டுவது? போன வாரம் கிளம்பிக் கம்பெனிக்கே போனேன். பிரபா டேப்லெட்டைக் காட்டினாள். அந்தப் பொம்மைப் பெண் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு "மட்ஸு" என்றது. அறையில் இருந்த பிள்ளைகள் காதில் ஹெட்போனோடு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மட்ஸு" என்றார்கள். நல்ல உச்சரிப்பு. என்னுடையதைவிடச் சுத்தம்.

எனக்குப் பின்னால் நின்றிருந்த ஸ்டெல்லாவை தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் பழக்கம் போகலயாடி?" என்றேன்.

"போவாது மிஸ்" என்று சிரித்தாள். "டீ குடிக்கலாம் வாங்க."

கேன்டீனில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். இதற்குமேல் தாங்காது என்றாகிவிட்டது. "அன்னிக்கு பரீட்சையில நின்னியே, வாய்க்குள்ள என்ன சொல்லிட்டு இருந்த? ஜெபமா?"

அவள் டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஜெபமா? யாரு சொன்னா?"

"தணிகாசலம் சார். நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"அய்ய! இத்தினி வருசமா அத்த நம்பிக்கினா இருந்தீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "துண்டு மாட்டிச்சா மிஸ், பொத்தான அடிச்சேன், கூப்ட்டேன். யாரும் வரல. துண்டு தோ, கைக்கு எட்ற தூரம். ஒரு செகண்டு வேல. எடுத்துடலாம்னு கை போவுது மிஸ். நான் போவல, கை போவுது. எங்க நைனாவுக்கும் அப்டிதான் போச்சாம். பக்கத்துல இருந்தவங்கல்லாம் இரு இருன்னு கத்துனாங்களாம். நைனாவும் இரு இருன்னு சொல்லிக்கினேதான் உள்ள உட்டாராம். நம்ம ஊட்ல இருன்னா யாரு இருக்கறாங்க? இரு வரேன்னு சொல்லிக்கினே போயிடறோம். ஆனா மட்ஸு, அத்த நான் வேற எங்கியும் கேட்டதில்ல. கைய பின்னாடி கட்டிக்கினுதான் கேட்டேன், கட்டிக்கினுதான் சொன்னேன். அத்த சொன்னா கை பின்னாடி பூடுது. அதான் சொல்லிக்கினே நின்னேன். மட்ஸு, மட்ஸு, மட்ஸுன்னு."

"சரி, இன்னொரு தடவ கூப்ட்டிருக்கலாம் இல்ல? அவர் கேட்டப்ப பதில் சொல்லியிருக்கலாம் இல்ல? எல்லாம் தெரியுமே உனக்கு!"

"கூப்டறதுக்கு வாயத் தொறந்தா மட்ஸு நின்னுடும் மிஸ். அது நின்னா கை பூடும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேன்டீன் என்றும் பார்க்காமல் முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அவள் பதறிப்போய், "அழாதீங்க மிஸ், அன்னிக்கி மெஷின் பூட்டிதான் இருந்துச்சாம், ஒண்ணும் ஆயிருக்காது" என்றாள்.

"அப்புறம்?" என்றேன். "அதுக்கப்புறம் பூட்டாத மெஷின்ல?"

"அதுக்கப்புறம் எத்தினியோ தடவ கை போச்சு மிஸ். சொல்லிக்கினுதான் நின்னேன்."

பிரபா கேட்டது ஒன்றாகவா, தனித்தனியாகவா என்று. எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் அன்றைக்கு எதற்கு மார்க் போட்டேன் என்றும் தெரியவில்லை. அது ஜெபம் இல்லை என்று தணிகாசலம் சாரிடம் சொல்ல வேண்டும், அது மட்டும் நிச்சயம். ஸ்டெல்லா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடித்தாள். நான் அவளுடைய விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தும் இருந்தன.